சமூகக் காரணம்

சூரமங்கலம் என்றால் சேலத்துக்காரர்களுக்கு ஜங்ஷன்தான். வெளியூர் ரயில்கள் நிற்பதெல்லாம் அங்கேதான். அப்பாவுக்கு ரயில்வே வேலை, எங்களுக்கு ஸ்டேஷன் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ். ராத்திரி முழுக்க வண்டிகளின் அறிவிப்பு கேட்டுக்கொண்டே வளர்ந்த பிள்ளை நான். ஆனால் கோடை விடுமுறைக்கு மட்டும் பஸ்தான். தொப்பூர் கணவாய் ஏறி தர்மபுரி, அங்கிருந்து பென்னாகரம் போகிற வழியில் ஒரு ஊர். அம்மாயி வீடு.

1998 மே மாதம். எனக்குப் பத்து வயது. ஒரு சாயங்காலம் ஊருக்குள் பறைச் சத்தம் கேட்டது. "யாரு வூட்லடா சாவு?" என்று கேட்டுக்கொண்டே அம்மாயி வாசலுக்கு வந்தாள். சாவு இல்லை, நாடகம். மாரியம்மன் கோயில் முன்னால் இளைஞர்கள் சிலர் வட்டமாக நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். திரை இல்லை, மேடை இல்லை, முகத்தில் அரிதாரம் இல்லை. அதைவிட ஆச்சரியம், கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கூத்தில் திரௌபதியே ஆண்தான். தெருவில் நின்று ஒரு பெண் சத்தமாக வசனம் பேசி நடிப்பதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது என்று நினைக்கிறேன்.

கதை சின்னதுதான். ஒரு வீட்டில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறக்கிறது. ஒரு துண்டைச் சுருட்டிப் பிள்ளையாக்கியிருந்தார்கள். அந்தத் துண்டு மாமியார் கைக்குப் போகிறது, புருஷன் கைக்குப் போகிறது, பக்கத்து வீட்டுக் கிழவி கைக்குப் போகிறது. யாருமே அதை ரொம்ப நேரம் வைத்திருப்பதில்லை. கடைசியில் தாயாக நடித்த அக்கா துண்டைக் கூட்டத்தை நோக்கி நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார். பறை நின்றுவிட்டது. முன்வரிசைப் பெண்கள் ஒருவரும் பேசவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாயியின் கை மடியிலிருந்து கொஞ்சம் மேலே எழுந்து, மறுபடி மடியிலேயே விழுந்தது.

அந்தக் குழுவில் இரண்டு அக்காக்கள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். களியும் கீரையும். நான் திண்ணையில் தூங்கிப்போனேன். நடுவில் விழிப்பு வந்தபோது, தாயாக நடித்த அக்காவின் தோளில் சாய்ந்து அம்மாயி அழுதுகொண்டிருந்தாள். அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை, முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்தபோது அவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். அம்மாயி வழக்கம்போல மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

•

பொறியியல் முடித்து, வேலைக்குச் சேர்ந்து, டேட்டாபேஸ்களோடு மல்லுக்கட்டத் தொடங்கிய பிறகுதான் அந்த இரவைப் பற்றி யோசித்தேன். என் வேலையில் 'காரணம்' என்றொரு புலம் அடிக்கடி வரும். ஆர்டர் ஏன் ரத்தானது, பணம் ஏன் திரும்பியது என்று பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதிலும் சேராததற்கு 'மற்றவை'. எந்தக் கம்பெனியிலும் உண்மையான விஷயங்கள் அந்த 'மற்றவை'க்குள்தான் ஒளிந்திருக்கும்.

தொண்ணூறுகளில் தமிழக ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளிலும் அப்படி ஒரு காரணம் இருந்தது. குழந்தை இறந்தால் காரணம் எழுத வேண்டும்: எடைக்குறைவு, மூச்சுத்திணறல், காய்ச்சல். இவை எதுவும் இல்லாமல், பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தை திடீரென்று இறந்துபோயிருந்தால் 'சமூகக் காரணங்கள்'. எழுதியவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்கள். அதே ஊரில் மறுநாளும் தடுப்பூசி போடப் போக வேண்டியவர்கள். கொலை என்று எழுதவும் முடியாது, காய்ச்சல் என்று பொய் எழுதவும் மனசு வராது. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த சொல் அது.

அந்தப் பதிவேடுகளை மாநில அளவில் சேர்த்துப் படித்தவர்கள் ஷீலாராணி சுங்கத் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும். 1997-ல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் அவர்கள் எழுதிய கட்டுரை, தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 3000 பெண் சிசுக்கள் இப்படிச் சாவதாகக் கணக்குக் காட்டியது. அதுவரை உசிலம்பட்டி என்ற ஒரே பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த விஷயம், மதுரைப் பக்கத்தோடு முடியவில்லை, சேலத்திலும் தர்மபுரியிலும் அடர்த்தியாக இருக்கிறது என்பது எண்களாக வந்தது. சேலத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1991 கணக்கெடுப்பில், நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். அதனால்தான் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் சேலத்தில் தொடங்கியது. வேண்டாம் என்றால் கொன்றுவிடாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்றது அரசாங்கம்.

தொட்டில் பல உயிர்களைக் காப்பாற்றியது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தத் திட்டம் தாயிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான். அவள் ஏன் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள் என்று அது கேட்கவில்லை. சட்டமும் கேட்கவில்லை, அது கொலை என்றது. போலீஸ் வரும் என்ற பயத்தில் நடந்தது இன்னும் ஆழமாகப் புதைந்தது. ஊரே வாயை மூடிக்கொண்டால் செவிலியரின் பதிவேட்டுக்குத் தகவல்கூட வராது.

டென்மார்க் அரசின் டானிடா உதவியோடு நடந்துகொண்டிருந்த சுகாதாரத் திட்டம் தர்மபுரி மாவட்டத்தில் வேறொரு வழியை எடுத்தது இந்தப் பின்னணியில்தான். 1997-க்கும் 99-க்கும் இடையில் அங்கே நடந்த மக்கள் இயக்கத்தின் மையம், கலைப்பயணம். உள்ளூர் இளைஞர்களைத் திரட்டி, பயிற்சி கொடுத்து, தெரு நாடகக் குழுக்களாக ஊர் ஊராக அனுப்பினார்கள். பின்னாளில் ஆத்ரேயாவும் சுங்கத்தும் அதைப் பற்றி எழுதியபோது, பதிவேடுகளில் பெண் சிசு மரணம் குறைந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். வருஷமும் இடமும் எங்கள் மாரியம்மன் கோயில் வாசலோடு பொருந்துவதை நான் அந்தக் கட்டுரையைப் படித்த அன்றுதான் கவனித்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்குக் களி வாசனை வந்தது.

•

அந்த நாடக வடிவம் தர்மபுரியில் திடீரென்று முளைத்ததில்லை. 1980-ல் வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னைக்கு வந்து சோழமண்டலத்தில் நடத்திய பட்டறை, தமிழில் வீதி நாடகத்துக்குப் பெரிய தூண்டுதல். அதே 1980-ல் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் அறிவியலைப் பாட்டாகவும் நாடகமாகவும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. 1987-ல் அது நாடு தழுவிய ஜாதா ஆயிற்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அதையே எழுத்தறிவுக்காக எடுத்துக்கொண்டது. பெரிய செட் கிடையாது, ஒப்பனை கிடையாது, ஊருக்குப் போனால் ஊரார் வீட்டில்தான் சாப்பாடு. சிக்கனத்துக்காகச் செய்ததாகத் தெரியலாம். ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்தாளியிடம்தான் வீட்டு விஷயத்தைப் பேச முடியும்.

அதற்கும் முன்னால் கூத்து இருந்தது. கூத்தை நாம் இப்போது 'தொல்கலை' என்று பாராட்டி ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டோம். எங்கள் பக்கத்து ஊர்களுக்கு அது பல வேலை செய்தது. மழை வேண்டும், அம்மனுக்கு நேர்த்திக்கடன் தீர வேண்டும் என்பதோடு, துக்கமும் ஆற வேண்டும். வட தமிழகத்தில் சாவு வீட்டுக் காரியத்தின்போது இரவு கர்ண மோட்சம் வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. செத்தவருக்கு மோட்சம் கிடைக்கும் என்பது நம்பிக்கை. இருப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதை அந்த இரவில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அறிவார்கள். பதினைந்து நாளாக வந்தவர்களுக்குச் சோறு போட்டு, பந்தல்காரனுக்குக் கணக்குப் பார்த்து, அழ நேரமில்லாமல் இருந்த வீட்டுக்காரர்கள் கர்ணன் சாகும்போது தாராளமாக அழுவார்கள். கேட்டால் கர்ணனுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதைத்தான் வேறு வேறு ஊர்களில் வேறு வேறு பெயரில் கண்டுபிடித்தார்கள். 1921-ல் வியன்னாவில் மருத்துவர் ஜேக்கப் மொரேனோ மேடையில் ஒரு காலி சிம்மாசனத்தைப் போட்டு, பார்வையாளர்களையே ஏறி வந்து அரசனாகப் பேசச் சொன்னார். உளநாடகம் என்ற சிகிச்சை முறையின் தொடக்கமாக அந்த மாலையைச் சொல்வார்கள். எழுபதுகளில் பிரேசில்காரர் அகஸ்டோ போல், பார்ப்பவர் நடுவில் எழுந்து வந்து கதையின் போக்கை மாற்றலாம் என்றொரு அரங்கை உருவாக்கினார். 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 3000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, உடல்நலத்திலும் மனநலத்திலும் கலைகளுக்குப் பங்குண்டு என்று அறிக்கை வெளியிட்டது. அம்மாயியிடம் இதைச் சொல்லியிருந்தால், "இதுக்கு ஒரு ஆபீசா?" என்று கேட்டிருப்பாள்.

•

தமிழ்நாட்டுக்குள்ளேயே இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 1986-ல் மருத்துவர் சுனிதி சாலமனின் குழு சென்னையில் எச்.ஐ.வி. தொற்றை முதன்முதலில் கண்டறிந்தது. பத்து வருஷத்தில் லாரித் தொழிலை நம்பியிருந்த நாமக்கல் அந்த நோயோடு சேர்த்துப் பேசப்படும் ஊராகிவிட்டது. என் பள்ளி நாட்களில் சுவரெல்லாம் எய்ட்ஸ் விளம்பரம். மண்டை ஓடு, பாம்பு, தேள். படித்து நாங்கள் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: அந்த நோய் வந்தவரைத் தொடக்கூடாது. அது தப்பு என்று சொல்ல அந்தச் சுவரில் இடமில்லை.

சென்னையில் 1993-ல் தொடங்கிய நலந்தானா என்ற அமைப்பு இதே விஷயத்தை நாடகமாகப் போட்டது. குடிசைப் பகுதிகளிலும் கிராமங்களிலும், சிரிப்பும் பாட்டும் குடும்பச் சண்டையுமாக. நாடகம் தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் பார்வையாளர்களைப் பேட்டி கண்டு, என்ன மாறியிருக்கிறது என்று அளந்தார்கள். தாமஸ் வாலன்டேயும் உத்தரா பரத்தும் 1999-ல் வெளியிட்ட அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்: மிகக் குறைவாகப் படித்தவர்கள்தான் நாடகத்திலிருந்து அதிகம் பெற்றுக்கொண்டார்கள். துண்டறிக்கை, புத்தகம், இணையம் எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவனுக்கே இன்னும் கொஞ்சம் தெரியப்படுத்தும். நாடகம் அந்த வரிசையைத் தலைகீழாக்கியது. பிற்பாடு இதே அமைப்பு தாம்பரம் காசநோய் மருத்துவமனை வார்டுகளுக்குள் கேபிள் வானொலி நடத்தியது. அங்கே படுத்திருந்தவர்களுக்குத் தகவல் தேவைப்பட்டது போலவே பேச்சுத்துணையும் தேவைப்பட்டது.

ஈழத்தில் இந்தத் தேவை இன்னும் கடுமையானது. 1985-ல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' யாழ்ப்பாணத்து மக்களைத் தங்கள் நிலையைத் தாங்களே பார்க்க வைத்தது. 1991-ல் சண்முகலிங்கம் எழுதிய 'அன்னை இட்ட தீ' நேரடியாகப் போரின் மனவடுவைப் பற்றியது. அங்கே உளமருத்துவர் தயா சோமசுந்தரம் கிளினிக்கில் பார்த்துக்கொண்டிருந்ததும் மேடைக்காரர்கள் ஊரில் பார்த்துக்கொண்டிருந்ததும் ஒரே காயம்தான். மட்டக்களப்பில் 1996-ல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் போரைப் பார்த்த பிள்ளைகள் களிமண்ணோடும் கதையோடும் விளையாடினார்கள். உளவியலாளர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய நாட்டில், ஊரே காயப்பட்டிருக்கும்போது, ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டுப் பேச முடியாது. கூட்டமாக உட்காரத்தான் முடியும்.

•

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

2014-ல் அம்மாயி இறந்தாள். காரியத்தன்று இரவு கர்ண மோட்சம் வைத்தார்கள். தூங்கி விழுந்துகொண்டிருந்த நான், விடியற்காலை குந்தி வேஷக்காரர் உள்ளே வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெற்ற பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டவள், இத்தனை வருஷமாக வாயைத் திறக்காதவள், அவன் செத்துக்கொண்டிருக்கும்போது எல்லோருக்கும் முன்னால் மடியில் தூக்கிப் போட்டு, இவன் என் பிள்ளை என்று கதறுகிறாள். ஐம்பது வயது ஆண், புடவை, கிரீடம், மீசையை மறைத்த அரிதாரம். பந்தலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அழுதார்கள்.

அம்மா அழவில்லை. என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"எனக்கும் உங்க சின்னம்மாவுக்கும் நடுவுல ஒண்ணு இருந்துச்சு. மூணு நாள் இருந்துச்சாம்."

நான் எதுவும் கேட்கவில்லை.

"அந்த நாடகக்காரப் புள்ள வந்துச்சே, அதுகிட்டதான் அம்மா சொல்லிச்சு. நான் உள்ள படுத்துக் கேட்டுக்கிட்டிருந்தேன். தூங்கற மாதிரியே இருந்துட்டேன்."

பதினாறு வருஷம் அம்மா அதைத் தெரியாதவளாகவே நடந்துகொண்டிருக்கிறாள். அம்மாயிக்கு உடம்பு முடியாமல் சூரமங்கலத்தில் எங்கள் வீட்டில் இருந்த மாதங்களிலும் இரண்டு பேரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அன்றைக்கு ஒன்று புரிந்தது. கலைப்பயணம் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்காகப் போடப்பட்ட நாடகம். அதன் வெற்றியை அளந்த பதிவேடும் புதிதாகப் பிறந்த பிள்ளைகளைத்தான் எண்ணியது. ஆனால் கோயில் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் அம்மாயி வயதுக்காரர்கள். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் கைநீட்டியிருக்க வேண்டிய துண்டு இப்போது அவர்கள் முன்னால் நீட்டப்பட்டது. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் புலம் இல்லை. அன்றிரவு அம்மாயிக்கு ஒரு தோள் கிடைத்தது, அந்த அக்கா நாடகம் முடிந்ததும் ஜீப் ஏறிப் போகாமல் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததால். மறுநாள் அந்தத் தோள் போய்விட்டது. உள்ளே விழித்துக்கொண்டு படுத்திருந்த மகளுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அம்மாயியை நான் நியாயப்படுத்தவில்லை. மூன்று நாள் இருந்த அந்தச் சின்னம்மாவுக்கு நான் கடன்பட்டவன். பிறந்திருந்தும் பெயரில்லை. அதே நேரம், அந்தக் காலத்தில் பிரசவ அறையில் முடிவெடுத்தது தாய் மட்டும் இல்லை. மாமியார், சீர்வரிசை, நிலம், இரண்டு பெண்ணுக்கு மேல் தாங்காது என்ற கணக்கு, வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த தாத்தா. செவிலியர் எழுதிய 'சமூகக் காரணங்கள்' என்ற சொல்லை முதலில் படித்தபோது மழுப்பல் என்று கோபப்பட்டேன். இப்போது அது பதிவேட்டிலேயே துல்லியமான சொல் என்று தோன்றுகிறது. தனி ஆள் யாரும் அதைச் செய்யவில்லை, சமூகம் செய்தது. அதனால்தான் அதைப் பற்றிப் பேசவும் தெருவே கூட வேண்டியிருந்தது.

•

நாடகத்தால்தான் எல்லாம் மாறியது என்று சொன்னால் அது பொய். 2001-ல் கிருஷ்ணகிரியும் சேர்ந்த தர்மபுரியில் 826 என்றிருந்த குழந்தைப் பாலின விகிதம், பிரிந்த பிறகு 2011-ல் தர்மபுரியில் 913. சேலத்தில் அதே பத்து வருஷத்தில் 851, 916 ஆயிற்று. இதில் தொட்டிலுக்கும், படித்த பெண்களுக்கும், செவிலியர்களுக்கும், சின்னக் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. கொல்வது நின்ற இடங்களில் ஸ்கேன் சென்டர் அந்த வேலையை எடுத்துக்கொண்டதும் உண்டு. அதற்காகத்தான் கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் வருஷச் சட்டம். ஸ்கேன் அறையின் கதவு உள்ளே தாழிடப்பட்டது. அதற்கு முன்னால் பறை அடித்துக் கூட்டம் கூட்டுவது கஷ்டம்.

போன வருஷம் என் அலுவலகத்தில் மனநல வாரம் கொண்டாடினோம். சூரமங்கலத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், லேப்டாப்பில்தான் நிகழ்ச்சி. நல்ல பேச்சாளர், நல்ல ஸ்லைடுகள், கடைசியில் உதவி எண். இருநூறு பேருக்கு மேல் இருந்தோம். எல்லோருடைய கேமராவும் மூடியிருந்தது, மைக்கும் மூடியிருந்தது. அதில் எத்தனை பேர் கை மடியிலிருந்து எழுந்து விழுந்ததோ, யாருக்கும் தெரியாது.

சேலம் மாவட்டம் ஏர்வாடியில் மு. ஹரிகிருஷ்ணன் களரி என்ற பெயரில் கூத்துக் கலைஞர்களுக்காக ஒரு மையம் நடத்துகிறார். இந்தப் பக்கம் கூத்து இன்னும் சாகவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், செவிலியர்கள் இன்றும் வீடு வீடாகப் போகிறார்கள். இவர்கள் ஒரே ராத்திரியில் ஒரே ஊரில் இருந்தால் போதும் என்று ஆசைப்படுகிறேன். கூத்து முடிந்ததும் வேனில் ஏறாமல், யார் வீட்டிலாவது சாப்பிட்டுவிட்டு, திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த மாதமும் வர வேண்டும்.

லேப்டாப்பை மூடிவிட்டு அடுக்களைக்குப் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கட்டை எடுத்துக்கொண்டேன். "அந்தப் பாப்பாவுக்கு என்ன பேர் வச்சிருப்பீங்க?" என்று கேட்டேன். அம்மா ரொம்ப நேரம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பெயர் சொன்னாள். பல வருஷமாக யோசித்து வைத்திருந்த பெயர் போல, தயங்காமல் வந்தது. ஜங்ஷனில் ஏதோ வண்டிக்கு அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.